மூன்று கோப்பையும் மூன்று நிமிடமும்

லேயர்,
செவ்வாய்க்கிழமை காலை.

என் அன்புத் தங்கை ஃபென்னாவுக்கு,

உன் அண்ணன் ஓக்கோ மனமார எழுதிக்கொள்வது. அதாவது நான் சொல்ல, எதிர்வீட்டு தால்கே எழுதுவது. நான் நலம். என் முழங்கால் நலமில்லை. நீயும், உன் பூனையும், உன் ஊர் நோர்டனுக்கே திரும்பிப் போன உன் அலமாரியும் நலமாக இருக்க வேண்டும். "ஒரே ஒரு வரி எழுதணும் தால்கே, மூணு நிமிஷ வேலை" என்று சொல்லித்தான் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த ஒரு வரி இதுதான்: வருகிற சனிக்கிழமை சாமான்களோடு என் கீழ்வீட்டுக்குக் குடிவந்துவிடு. ஆனால் போன சனிக்கிழமை நடந்ததை விளக்காமல் அந்த வரியை மட்டும் அனுப்பினால் நீ கடிதத்தைக் கிழித்துப் போடுவாய் என்கிறாள் தால்கே. ஆகையால் விளக்குகிறேன்.

உன் லாரி நிற்க இடம் வேண்டுமே என்று, அந்த வாரம் திங்கட்கிழமையே வாடகைக் கடையிலிருந்து நிறுத்தக் கூடாது என்ற பலகை இரண்டு கொண்டுவந்து என் வாசலின் இரு பக்கமும் நட்டேன். சிவப்பு வட்டம், உள்ளே நீலம், குறுக்கே இரண்டு கோடு. இரண்டு கோடு என்றால் மூச்சுவிடக்கூட நிற்கக் கூடாது. அதற்குக் கீழே சின்னப் பலகையில் தேதியும், ஏழு மணி முதல் பதினேழு மணி வரை, அதாவது சாயங்காலம் ஐந்து வரை என்றும், சாமான் லாரிக்கு மட்டும் விலக்கு என்றும் போட்டிருந்தது. கடைக்காரர், "நடுற நேரத்துல அங்க நிக்கிற வண்டி நம்பரையெல்லாம் எழுதி வெச்சுக்குங்க. அவங்க பலகையைப் பாக்காம நிறுத்தினவங்க, அவங்க தலையில பழி போட முடியாது" என்றார். எழுதுவதாவது! நின்றது நாலு வண்டி. நாலின் எண்ணும், எதில் எந்தப் பக்கம் நசுங்கல், எதன் பின்சீட்டில் பச்சைக்குடை என்பது வரைக்கும் மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் இடம் சுத்தமாகக் காலி. எவனாவது வந்து வண்டியை விட்டுவிட்டு லீவுக்கு 'போர்க்கும்' தீவுக்குக் கப்பலேறிவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டுச் சொந்தக்காரரே அங்கேதான் போயிருக்கிறார். அதனால் என் ஓப்பெல் காரையே கொண்டுபோய் நட்ட நடுவில் நிறுத்தினேன். காலை ஏழு மணி வரைக்கும் அங்கே யாரும் நிற்கலாம், சட்டப்படி குற்றமில்லை. ஆறரைக்கு எடுத்துவிடுவதாக ஏற்பாடு. உனக்காக வாங்கிய திராட்சை ரொட்டியையும் நீ குடிவரும் கீழ்வீட்டுச் சாவியையும் காலை அவசரத்தில் தேட வேண்டாமே என்று முன்சீட்டிலேயே வைத்தேன். எனக்கு மறதி கிடையாது, இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை.

சரியாக ஆறரைக்கு வண்டிச்சாவியோடு இறங்கினேன். எதிர்வாசலில் தால்கே. "தங்கச்சி வர்ற நாளாச்சே ஓக்கோ, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயேன்." நம் ஊரில் ஒரு வாய் என்றால் மூன்று கோப்பை, உனக்குத் தெரியாததா? கற்கண்டு போட வேண்டும், அது டீயில் வெடிக்கும் சத்தம் கேட்க வேண்டும், பாலாடையை ஓரமாக விட்டு அது மேகம் போல ஏறுவதைப் பார்க்க வேண்டும், கலக்கக் கூடாது, பொறுமையாகக் குடிக்க வேண்டும். இரண்டாவது கோப்பையிலேயே கரண்டியை உள்ளே போட்டுப் போதும் என்று எழுந்திருக்கலாம்தான். அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா? (முடியாது. - தால்கே.) மூன்றாவது கோப்பையை ஊற்றும்போது மணி ஏழு அடிக்க இரண்டு நிமிஷம். அந்த நேரம் பார்த்து அவள் தன் இடுப்பு ஆபரேஷன் கதையை எடுத்தாள். அவள் சமையலறை பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்தது, தெருவில் இடி விழுந்தாலும் தெரியாது.

தெருவில் நடந்தது உனக்குத்தான் தெரியும். ஏழு ஐந்துக்கு உங்கள் லாரி வந்தது. நடுவில் ஒரு ஓப்பெல். போன வருஷம்தான் வாங்கினேன், நீ அதைப் பார்த்ததில்லை. உங்கள் லாரிக்காரர் பாவம், யாரோ ஒரு தறுதலை நிறுத்தியிருக்கிறான் என்று போலீசுக்குப் போன் போட்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஓப்பெல் இழுவை வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போக்குவரத்துக் காவலுக்கு வரும் ப்ரூன்ஸ் அம்மா.

"இறக்கும்மா, அது என் வண்டி!"

"சக்கரம் தரையை விட்டாச்சு பெரியவரே. ஒரே ஒரு வழி இருக்கு. பலகை நட்ட அன்னைக்கே இந்த வண்டி இங்க நின்னுதுன்னா இறக்கச் சொல்றேன். லிஸ்ட் இருக்கா?"

"லிஸ்ட் எதுக்கு? என் தலையில இருக்கு" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நாலையும் ஒப்பித்தேன், எண், நிறம், நசுங்கல், குடை உட்பட. மூன்றாவதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அட, அது என் வண்டி! குடையைக் காணோம்னு வீடு பூராத் தேடினேன்." பிறகு விரல்விட்டு எண்ணினாள். "எல்லாம் சரிதான். ஆனா உங்க ஓப்பெல் இந்த நாலுல இல்லையே?"

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், ஃபென்னா. வாய் வரவில்லை. என் ஞாபகசக்தியே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. போகிற போக்கில் அவள் பாடம் வேறு நடத்தினாள்: "ரெண்டு கோடுன்னா நிக்கவே கூடாது. ஒத்தைக் கோடுன்னா மூணு நிமிஷம் நிக்கலாம். அதுவும் வண்டியை விட்டுட்டு உள்ள போயிட்டா அந்த மூணு நிமிஷமும் கிடையாது, புரியுதா?" எனக்கா சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இழுவை வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் முன்சீட்டில் இருக்கும் உன் சாவி ஞாபகம் வந்தது. இழுத்துப் போன வண்டிகளை வைக்கிற கிடங்கு திங்கட்கிழமை வரை பூட்டு. மாற்றுச் சாவி வீட்டுச் சொந்தக்காரரோடு தீவில். பதினேழு மணி வரைக்கும் நீ உன் அலமாரிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய், பிறகு லாரி திரும்பியது.

அப்போது ஜன்னல் வழியாகக் கத்தினாயே, "அறுபது வருஷமா வண்டி ஓட்டுறே, ஒரு பலகையைப் படிக்கத் தெரியலையே, இந்த அண்ணனை நம்பி எப்படிக் குடிவர்றது!" என்று. கோபத்தில் சொன்னாய். ஆனால் அது உண்மை. எனக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும், எழுத்தைத் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து நின்றால் என்னைப் பார்த்து ஓடிவிடும். நீ பள்ளிக்கூடம் போன நாட்களில் நான் அப்பாவோடு சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் பரீட்சையில் எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தாளையே படமாக மனத்தில் ஏற்றிக்கொண்டு தேறினேன். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கண்ணாடியை மறந்துட்டேங்க." உன் கடிதங்களை முதலில் உன் அண்ணி ஹில்கா படித்துக் காட்டினாள், அவள் போன பிறகு தால்கே. ஒன்றையும் மறக்கவில்லை. எண்பத்தேழாம் வருஷம் எழுதினாய்: "கோழி ரெண்டு செத்துப் போச்சு. மழை விடலை. உன் குரல் கேட்டு நாளாச்சு." ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை குற்றம் படிப்பில் இல்லை. அந்தப் பலகை எனக்குத் தலைகீழாகத் தெரியும். குற்றமெல்லாம் டீயில். (இடுப்பிலும். - தால்கே.)

இனி அப்படி நடக்காது. நேற்று ஓப்பெலை மீட்டுவிட்டேன். ரொட்டி கொஞ்சம் காய்ந்திருந்தது, வெண்ணெய் தடவினால் குறையில்லை. வாடகைக் கடையில் மிஞ்சியிருந்த இரண்டே பலகையையும் வாங்கிப் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று முழு நாள் முன்பே நின்றால்தான் செல்லுமாம், அதனால் இன்றைக்கே நட்டாக வேண்டும். இந்தக் கடிதம் முடிந்ததும் முதல் வேலை அதுதான். சனிக்கிழமை ஓப்பெல் மூன்று தெரு தள்ளி நிற்கும். உன் வீட்டுச் சாவி என் கால்சட்டைப் பையில் இருக்கும். நீ வந்து இறங்கும் வரை டீயைத் தொடமாட்டேன். உன் அண்ணனை நம்பு, லாரிக்காரரிடம் சொல்லிவிடு.

உன் வீட்டில் பால் பொங்கி வழியாதிருக்கட்டும், உன் பூனை நூறு எலி பிடிக்கட்டும், உன் அலமாரிக்கு வாசற்படி நோகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் சுமந்த அண்ணன்,
ஓக்கோ

பி.கு. தால்கே கடிதம் முழுவதையும் திரும்பப் படித்துக் காட்டினாள். வாசலுக்கு வந்து பார்த்தால் ஓப்பெலைக் காணோம். மூன்று நிமிஷ வேலைதானே என்று இவள் வாசலில் ஒற்றைக் கோட்டுப் பலகைக்குக் கீழே விட்டிருந்தேன். ஒரு வரி இரண்டு மணி நேரமாகிவிட்டது, கோப்பை மூன்றாகிவிட்டது. தெருமுனையில் ப்ரூன்ஸ் அம்மா தலையில் கைவைத்து நின்றாள். "நிறுத்தக் கூடாதுன்னு பலகையை வண்டிக்குள்ளயே வெச்சுக்கிட்டு நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தினவர் நீங்க ஒருத்தர்தான் பெரியவரே!" கிடங்கு நாளைக்குத்தான் திறக்குமாம், அதற்குள் பலகைக்கு நாள் தப்பிவிடும். ஆகையால் சனிக்கிழமைக்கு லாரி வேண்டாம். நீ மட்டும் ரயிலில் வா. பையில் கைவிட்டுப் பார்த்துவிட்டேன், சாவி இருக்கிறது. கீழ்வீட்டில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். ரயிலை நிறுத்த நான் பலகை நட வேண்டியதில்லை. மூன்று கோப்பையையும் நிதானமாகக் குடிக்கலாம்.