கோடு கேட்டால் கோப்பு கேட்கும் மெஷின்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நம்மவருக்கு அந்த வாரம் சோறு இறங்கியிருக்கும்.

நம்மவர் கால்குலேட்டர் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறவர். சாதாரணக் கூட்டல் கழித்தல் கால்குலேட்டர் அல்ல. சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் வரைபடமே போட்டுக் காட்டுகிற ரகம். அவர் உருவாக்கிய புது மாடலில் இல்லாத வசதி இல்லை. கலர் திரை, ஏழெட்டு மொழி, முப்பரிமாணப் படம், நிலா எப்போது உதிக்கும் என்கிற கணக்குகூட உண்டு. ஆனால் கடைக் கண்ணாடிக்குள் அது கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்தே கிடந்தது. பிள்ளைகள் போட்டிக் கம்பெனியின் சாதா மாடலைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் மீட்டிங்கில், "நம்ம மெஷினைப் பசங்க ஏன் தொடவே மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நம்மவர் மட்டும் நிமிர்ந்தார்.

"யார் சார் சொன்னது? என் வீட்ல டியூஷன் நடக்குது, வந்து பாருங்க. அதுக்கு அடிதடியே நடக்குது."

"அப்படியா? சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன்."

வம்பு அங்கேதான் தொடங்கியது. டியூஷன் நடத்துவது அவர் மனைவி, கணக்கு டீச்சர். அவளிடம் படிக்கிற அத்தனை பிள்ளைகள் கையிலும் இருந்தது அந்தச் சாதா மாடல்தான்.

சனிக்கிழமை டீச்சர் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நம்மவர் ஒரு அட்டைப் பெட்டியோடு ஹாலுக்குள் நுழைந்தார்.

"பசங்களா, கால்குலேட்டரையெல்லாம் குடுங்க. அங்கிள் இலவசமா பேட்டரி மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் இந்தப் புதுசை வச்சுக்கங்க."

பழையது பீரோவுக்குள் போனது. சாவி சட்டைப் பைக்குள் போனது. நம்மவருக்கு லேசாக மூச்சு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

"அங்கிள், வரைபடம் எங்க இருக்கு?"

"மெனுவை அமுக்கும்மா. அதுக்குள்ள ஒரு மெனு வரும். அதுக்குள்ள இன்னொண்ணு..."

"ஹோட்டல்லகூட ஒரு மெனுதான் அங்கிள் தருவாங்க."

"புதுக் கோப்பு திறக்கவான்னு கேக்குது."

"ஆமான்னு சொல்லு."

"எந்தப் பேர்ல சேமிக்கணும்னு கேக்குது. கோடு கேட்டா கோப்பு கேக்குது அங்கிள். எனக்குக் கோபம் கோபமா வருது!"

ஒரு பையனின் திரை புரியாத ஏதோ பாஷைக்கு மாறிவிட்டது. நம்மவர் பாய்ந்து வாங்கித் தட்டினார். அது அதைவிடப் புரியாத பாஷைக்குத் தாவியது. சத்தம் கேட்டு டீச்சர் வந்து வாசலில் நின்றாள்.

"என்னங்க, பீரோவுக்குள்ள பேட்டரிக் கடை வச்சிருக்கீங்களா?"

நம்மவர் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவார்ம்மா. என் வேலையே போயிடும். ஒரு நல்ல வார்த்தை சொல்லிடேன்."

"நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சாதா மெஷினைப் பசங்களுக்கு ஏன் பிடிக்குது தெரியுமா? சமன்பாட்டை அடிச்சு ஒரு பட்டனைத் தட்டினா கோடு வந்துடும். பக்கத்துல இருக்கிறவன்கிட்டயும் அதே மெஷின், மறந்துட்டா கேட்டுக்கலாம். பரீட்சைல கை தானா போகணுங்க. முழிச்சுக்கிட்டுத் தேட கணக்குன்னு ஒண்ணு இருக்கே, மெஷினையும் வேற தேடணுமா?"

"நிலா உதிக்கிற நேரம்..."

"வாசல்ல நின்னு பார்த்தா தெரியும். போய்ப் பாருங்க, உங்க மேனேஜர் உதிக்கிறாரான்னு."

நம்மவர் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தார். நின்ற ஒவ்வொரு காரும் மேனேஜர் காராகவே தெரிந்தது. கடைசியில் நிஜமாகவே மேனேஜர் வந்து இறங்கியபோது, வணக்கம் சொல்லி அழைத்துப்போனார்.

உள்ளே போனால் ஹாலில் சத்தமே இல்லை. பிள்ளைகள் குனிந்து டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் அழகாக ஒரு பரவளையம். மேனேஜர் ஒரு பெண்ணிடமிருந்து மெஷினை வாங்கிப் பார்த்தார். பாதிப் பட்டன்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஆன் செய்ததும் நேராக வரைபடப் பக்கமே திறந்தது. அப்படி ஒரு செட்டிங் உள்ளே இருப்பதே அதை வைத்த நம்மவருக்கு மறந்துபோயிருந்தது.

"இப்படி ஒட்டினது எப்படிம்மா இருக்கு?" என்று அவளிடமே கேட்டார்.

"சூப்பரா இருக்கு அங்கிள். எங்க பழைய மெஷின் மாதிரியே இருக்கு!"

மேனேஜர் முகம் மலர்ந்தது. "இதைத்தான் சார் நான் தேடிக்கிட்டிருந்தேன். யாரோட ஐடியா இது?"

நம்மவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் டேப் சுருள் வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நம்மவர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் சார். ரொம்ப நாளா மனசுல இருந்தது."

துடைக்கிற கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் துடைத்தது.

"பிரமாதம்! வேண்டாததை மூடத் தெரிஞ்ச ஆள்தான் நமக்கு வேணும்." மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "சரி, இந்த டேப்புக்கு அடியில இருக்கிற குப்பையெல்லாம் வச்ச மகாராசன் யாரு? திங்கட்கிழமையே அவரைக் குடோனுக்கு மாத்திடறேன்."

நம்மவர் இழுத்தார். "அது வந்து சார்... அது ஒரு பெரிய டீம்..."

டீச்சர் திரும்பினாள். முகம் பூராவும் பெருமை.

"அதுவும் இவர்தான் சார்."