நாலு கட்டத்துக்கு நடுவே ஒரு குட்டை

ஒரு காட்டில், வரைபட அலுவலகம் வருகிறவரைக்கும், ஒரு குட்டை இருந்தது. அதில் வடிவாம்பாள் என்ற ஆமை குடியிருந்தாள். அலுவலகத்தார் பருந்தை மேலே அனுப்பிப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது குட்டை காணாமல் போனது. தண்ணீர் அப்படியேதான் இருந்தது, வரைபடத்தில்தான் இல்லை.

கரையை ஒட்டி வீடு கட்டியிருந்த காட்டுப்பன்றி கொம்பையா சும்மா இருப்பானா? குட்டையை மூடி முற்றம் போட மனு கொடுத்தான். "அவ்விடத்தில் நீர்நிலை ஏதுமில்லை" என்று அனுமதி வந்தது. மழை விட்டதும் மண் கொட்டுவதாக ஏற்பாடு.

சேதி வடிவாம்பாள் காதுக்கு எட்டியது. மூன்று நாள் நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் முன் மரநாய் சபேசன் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் குடியிருக்கிற குட்டையைக் காணோமாமே?"

சபேசன் திரையைத் திருப்பிக் காட்டினார். காடு முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள்.

"ஒரு கட்டத்துக்கு ஒரு பதில்தாம்மா கம்ப்யூட்டர் வெச்சுக்கும். பாதிக்கு மேல புதர்னா மொத்தமும் புதர். உங்க குட்டை நாலு கட்டம் சேர்ற மூலையில இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம். எதுலயும் பாதி தேறலை."

"என் முதுகுல பாசி இருக்கே, பாருங்க!"

"பாசியை ஏத்த இதுல இடமில்லம்மா."

"கட்டத்தைச் சின்னதாக்கினா?"

"பாதியாக்கினா எண்ணிக்கை நாலு மடங்காகும். இந்த மெஷின் படுத்துடும்."

வடிவாம்பாள் திரைக்குக் கிட்டே கழுத்தை நீட்டினாள். "கட்டமெல்லாம் எங்கேருந்து ஆரம்பிக்குதுங்க?"

"வடமேற்கு எல்லையில வெள்ளையடிச்ச முளைக்குச்சி ஒண்ணு இருக்கு. பருந்து எடுக்கிற படத்துல அதைக் கண்டுபிடிச்சு, அங்கேருந்து எண்ணும். வர்ற ஒண்ணாம் தேதி புதுப் படம் எடுக்கிறோம். அதுலயும் இப்படியேதான் வரும், வீணா அலையாதீங்க."

வடிவாம்பாள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே வடமேற்கு எல்லைக்குப் போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குச்சியைப் பிடுங்கி, ஓட்டால் முட்டி முட்டித் தென்கிழக்காக அரைக் கட்ட தூரம் தள்ளி, மறுபடி நட்டாள். நாலு நாள் பிடித்தது.

புதுப் படம் வந்தது. குட்டை ஒரே கட்டத்துக்குள் அம்சமாக உட்கார்ந்திருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர், ஆகவே மொத்தமும் தண்ணீர். கொம்பையாவின் வீடும் அதே கட்டத்தில்தான். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

கொம்பையா அலறியடித்துக்கொண்டு சபேசனையே கையோடு கூட்டிவந்தான்.

"உள்ள வந்து பாருங்கய்யா, அடுப்பு எரியுது! ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது!"

"அடுப்பை ஏத்த இதுல இடமில்லப்பா," என்றார் சபேசன்.

கொம்பையா கரைக்கு ஓடினான். "வடிவாம்பாக்கா, நீங்களாவது சொல்லுங்க. என் வீடு தரையிலதானே இருக்கு?"

வடிவாம்பாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கென்ன தம்பி தெரியும்? படத்துல தண்ணின்னுதானே போட்டிருக்கு."

நீதி: நீ இருக்கிறாய் என்று நிரூபிக்க ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு அலையாதே, எங்கேயிருந்து அளக்கிறார்கள் என்று விசாரித்து, ஆளில்லாத நேரம் பார்த்துத் தள்ளி வை.