முன்சீப் முதுகில் மூன்று கோட்டு

விதி தெரிந்தவனுக்கும் வேலை தெரிந்தவனுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு நான் ஒருமுறை வெள்ளையடித்தேன்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு கோடை. தல்லாகுளத்தில், கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் ஓர் ஆபீசில் நான் புதுக் குமாஸ்தா. 'வெளிச்சுவருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வெள்ளை' என்றது ஆபீஸ் விதிப் புத்தகம். உடனே பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் வழக்கத்தை எங்கள் வீட்டில் ரத்து செய்தேன். ("பொங்கலு மூணு வருசத்துக்கு ஒருக்கவா வருது?" என்று அம்மா கேட்டாள். புத்தகத்தில் பதில் இல்லை.)

எங்கள் ஊர்ச் சுவரை மழை கெடுப்பதில்லை. அதற்கு மழை வரவேண்டுமே. வெயிலும் புழுதிக்காற்றும்தான் கெடுக்கும். இரண்டாம் வருஷச் சித்திரையில் வீட்டின் முன்சுவர் செங்கல் சூளை மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்து அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராம முன்சீப் ஒருவர், பெண் கொடுப்பதற்குமுன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். நான் பார்த்ததில்லை. அம்மா பார்த்துவிட்டு வந்து, "சிரிச்சா வீடு நெறஞ்சுரும்ப்பா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆபீசில் தப்பும் தவறுமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளையடிக்கும் கருப்பையா அண்ணனைக் கூப்பிட்டோம்.

"பன்னெண்டு குடம் தண்ணி வேணும் தம்பி. மொதல்ல சுவரு குடிக்கணும். வெயிலு சாஞ்சப்புறந்தான் சுண்ணாம்பு மட்டையத் தொடணும். ரெண்டு நாளாகும்."

"சுவரை நனைக்க விதியில இடமில்லையே, அண்ணே."

"அந்தப் பொஸ்தகத்து மேல வெயிலு பட்டிருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். (அதை எழுதிய துரை மழை ஓயாத ஊரில் பிறந்திருக்கவேண்டும். அங்கே சுவரை நனைக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.)

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானே ஏணியில் ஏறினேன். 'ஒரு கோட்டுப் பூச்சு காய்ந்த பின்னரே அடுத்த கோட்டு' என்பது விதி. சுவரின் இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் மூன்று கோட்டு! ஆபீசில் எவனும் செய்யாத சாதனை.

ஏணி உச்சியில் உலகமே வெளுத்திருந்தது. வேம்பும் தெருவும் ஆகாயமும் கானலில் கரைந்து ஒன்றாகிவிட்டன. மட்டை போன இடமெல்லாம், முகம் தெரியாத ஒரு பெண் உள்ளிருந்து சிரிப்பதுபோல் சுவர் மெல்ல மெல்ல வெளிச்சமானது. காதோரம் சுண்ணாம்பு வழிந்தது. எனக்கென்ன, நான் மேகத்துக்குக் குடிபோயிருந்தேன்.

சாயங்காலம் வீட்டு நிழல் வாசலில் விழுந்ததும் அம்மா சுவரோரமாக ஜமுக்காளம் விரித்தாள். முன்சீப் அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். கூடவே அவருடைய அக்கா.

"சுவரு பாலு மாதிரி இருக்கே! யாரு அடிச்சது?"

"நான்தான்."

"அட, மாப்ள கைவேலைக்காரரு!" என்று மகிழ்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஆனி மாத முகூர்த்தம் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. பிறகு எழுந்து, அக்காவுக்குக் கை கொடுக்கத் திரும்பினார்.

கோட்டின் முதுகில் மூன்று கோட்டும் இருந்தன. சுவரிலோ, தோளும் தலையுமாக, பழைய செம்மண் நிறத்தில் ஒரு முன்சீப் உட்கார்ந்திருந்தார்.

அக்கா தட்டிவிட்டார். புகை கிளம்பியது. முன்சீப் ஏழு தும்மல் போட்டார்.

"தம்பி, இவுக வீட்டுல பாதிய நீயே எடுத்துக்கிட்டு வாரியே!" என்றார் அக்கா.

முன்சீப் சிரிக்கவில்லை. "வாரோம்" என்ற ஒரு சொல்லோடு தெருவில் இறங்கினார். மங்கிய வெளிச்சத்தில் அந்த வெள்ளை முதுகு மட்டும் நிலா போல மிதந்து போய், முனையில் மறைந்தது. என் கல்யாணமும் அதன் பின்னாலேயே போயிற்று.

எட்டு நாள் தகவல் இல்லை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். ஒன்பதாம் நாள் பெண்ணின் அண்ணன் வந்தார். சுவரைத் தொடாமல் வாசல் நடுவில் நின்றார்.

"தங்கச்சி ஒரு சேதி சொல்லிவிட்டுச்சு. 'சுவத்துல ஒட்டாதது எங்கய்யா முதுகுல மட்டும் எப்படி ஒட்டுச்சு? மூணு நாளா தட்டிக்கிட்டு இருக்கேன். மொதல்ல சுவத்த நனைக்கச் சொல்லுங்க, பெறகு நாளு பாக்கட்டும்'னு."

"ஐயா என்ன சொன்னாக?" என்றாள் அம்மா.

"தங்கச்சி சிரிச்ச சிரிப்புல வீட்டுல அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டோம். கடைசியில அவரும் தாங்கமாட்டாம சிரிச்சுட்டாரு."

அன்று சாயங்காலமே பன்னிரண்டு குடம் தண்ணீர் சுமந்தேன். கருப்பையா அண்ணன் நனைந்த சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மட்டையை எடுத்தார். திட்டியிருந்தாலே தேவலை.

ஆனியில் கல்யாணம் நடந்தது. மாமனார் நெடுநாள் இருந்தார். எங்கள் வீட்டில் ஒருநாளும் சுவரில் சாய்ந்ததில்லை. கூடத்தின் நடுவே தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

நான் ஓய்வு பெற்றவன், விதி தெரிந்தவன் என்று இன்றும் யாராவது வந்து, வீட்டுக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கலாம் என்று கேட்பார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "விதிப்படி மூன்றாண்டுக்கு..." என்று ஆரம்பிப்பேன். அடுக்களையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

அம்மா சொன்னது சரிதான். வீடு நிறைந்துவிடுகிறது.