நட்சத்திர மீனைத் தட்டிக்கொடுத்த ஊசி அண்ணாச்சி

பவளப்பாறைகளைக் காப்பாற்ற அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பிய ஆள் உலக சரித்திரத்திலேயே ஒருவர்தான். கூடவே இன்னொருவனும் போனான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனதைத் தவிர அவன் வேறெதுவும் செய்யவில்லை என்பதால் சரித்திரத்தில் அவனுக்கு இடமில்லை. அது நான்தான்.

ஊருக்கே அவர் ஊசி அண்ணாச்சி. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பூச்சிமருந்துக் கடைக்கு எதிரேதான் அந்த ஆஸ்பத்திரி. அண்ணாச்சி ஊசி போட்டால் மாடு அசைபோடுவதைக்கூட நிறுத்தாது. முதலில் இடது உள்ளங்கையால் தொடையில் ரெண்டு தட்டு. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று ஒரு வார்த்தை. அப்புறம் ஊசி. பிறகு குத்திய இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிடுவார்.

இந்தத் தட்டு அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. டீ கிளாஸைத் தட்டிவிட்டுத்தான் எடுப்பார். பஸ்ஸில் ஏறுமுன் பஸ்ஸையும் ரெண்டு தட்டு தட்டுவார். கண்டக்டர்தான் தட்டுகிறார் என்று டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். பாலவனத்தம் விலக்கு ஸ்டாப்பில் அண்ணாச்சி இப்படிப் பல பஸ்களை வழியனுப்பியிருக்கிறார்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகளுக்கு வாய் கிழிய உபதேசம் செய்வேன். ஒரு வயல்காட்டிலும் கால் வைத்ததில்லை. கடலைச் செடிக் கட்டோடு ஒரு கம்பளிப்பூச்சி கடைக்குள் வந்தபோது நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் வியாபாரம் பார்த்தேன்.

வினையைக் கொண்டுவந்தது அண்ணாச்சியின் மச்சினன். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் கதையை எடுத்துவிட்டார். லட்சத்தீவுப் பக்கம் ஒருவகை நட்சத்திர மீன் கண்டபடி பெருகிவிட்டதாம். சாப்பாட்டுத் தட்டு அகலம், பத்துக்கு மேல் கைகள், உடம்பெல்லாம் விஷமுள். பாறைமேல் ஏறிப் படுத்து உயிருள்ள பவளத்தைத் தின்றுவிட்டு வெறும் எலும்பை விட்டுப் போகுமாம். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் துண்டும் வளர்ந்துவிடுமோ என்று பயம். அதனால் ஆட்கள் முங்கிப் போய் ஒவ்வொன்றுக்கும், கைக்கு ஒரு குத்து வீதம், மயில்துத்தக் கரைசலை ஊசியில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆள் எடுக்கிறார்கள்.

"பேரு என்ன மாப்ள அதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"முள்முடின்னு சொல்றாக."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "ஆண்டவர் தலையில வச்சத இந்தக் கழுத மாட்டிக்கிட்டு அலையுதா?"

மறுநாள் கடைக்கு வந்து மேஜையை ரெண்டு தட்டு தட்டினார். "ஏலே, கடலுக்கு மயில்துத்தம் எம்புட்டு வேணும்?"

"எத்தன ஏக்கரு அண்ணாச்சி?" என்று கேட்டேன் நான். பழக்கதோஷம்.

விஷயத்தைச் சொன்னார். ஜோடியாகத்தான் முங்க வேண்டுமாம். ஜோடி நானாம். எனக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டாலே மூச்சு முட்டும். ஆனால் தீவு, கப்பல் என்று காதில் விழுந்ததும் புத்தி மேயப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். கறுப்புக் கண்ணாடியும் வாங்கிவிட்டேன்.

அண்ணாச்சிக்கு அது விளையாட்டில்லை. "டாக்டரு வந்தா பொட்டியத் தூக்கணும், போனா சாணிய அள்ளணும். இம்புட்டு வருசமா அதான்லே பொழப்பு. என் கைக்குன்னு ஒரு வேலய இப்பத்தான் ஆண்டவர் காட்டுறாரு. இதுவும் தவறிப்போச்சுன்னா பேசாம ரிடையராகிட்டுப் போகவேண்டியதுதான்" என்றார். கோயிலில் மழைக்காக ஜெபம் நடந்தபோது பவளப்பாறைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "கண்மாயே காஞ்சு கெடக்கு, இவுக கடலுக்குத் தண்ணி கேக்குறாக" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

பயிற்சிக்குத் தண்ணீர் வேண்டுமே! அலைந்து திரிந்ததில் பரளச்சிப் பக்கம் ஒரு கிணற்றில் ஆள் முங்கும் அளவுக்குக் கிடைத்தது. சப்பாத்திக்கள்ளி மட்டையைக் கல்லில் கட்டி உள்ளே இறக்கினோம். அதுதான் நட்சத்திர மீன். நான் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பிலும் மறுநுனியை மோட்டார் ரூம் தூணிலும் கட்டிக்கொண்டு, கிணற்றுக்கு வெளியே உட்கார்ந்து ஜோடியாக முங்கினேன்.

அண்ணாச்சி உள்ளே போனார். மேலே வந்தார். இடது உள்ளங்கை முழுக்கக் கள்ளிமுள்.

"தட்டுனீகளா?"

"தட்டிட்டேன்லே."

முள் பிடுங்குவதுதான் எனக்கு வேலையாயிற்று. தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏய்யா, கள்ளிக்குமா காய்ச்சலு? அப்பிடியே நம்ம பசுவயும் பாத்துட்டுப் போங்க." அண்ணாச்சி பசுவைத் தட்டினார். கையில் மிச்சமிருந்த முள் குத்தி அது உதைத்தது. இனிமேல் தட்டுவதில்லை என்று அன்றைக்கு ஆண்டவர்மேல் சத்தியம் செய்தார்.

தேர்வு நாளில் தூத்துக்குடிக்குப் போனோம். கடலைப் பார்ப்பதற்கு முன்பே பஸ்ஸில் நான் வாந்தி எடுத்துவிட்டேன். கடற்கரையோரம் ஆழமான சிமெண்டுத் தொட்டி. தீவிலிருந்து கொண்டுவந்த அசல் முள்முடி ஒன்று அடியில் படுத்திருந்தது. அண்ணாச்சி ஊசியோடு இறங்கினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆள் எடுக்க வந்த அதிகாரியும் நானும் மேலே குனிந்து நின்றோம். ஊசி பிடித்த வலது கை நடுங்கவே இல்லை. "ஆளு கில்லாடி" என்றார் அதிகாரி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது இடது கை மெல்ல முன்னால் போனது.

"அண்ணாச்சி, வேண்டாம்!" என்று கத்தினேன். தண்ணீருக்குள் யாருக்குக் கேட்கும்? ரெண்டு தட்டு. சுத்தமாக, அன்பாக.

கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. சுடுதண்ணீரில் கையை வைத்து அழுத்திப் பிடித்தார்கள். "பெரியவரே, அங்க கூட்டங்கூட்டமா கிடக்கும். எல்லாத்தையும் தட்டினா உங்களத் தூக்கிட்டுத்தான் வரணும்" என்று அதிகாரி தன்மையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க முங்குவீங்களா?" என்றார். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பஜாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்லவா? "கொல்லப் போற ஜந்துவத் தட்டிக் குடுக்கலாமா அண்ணாச்சி? அம்புட்டும் போச்சே!"

அவர் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அது பசிக்குத்தானலே திங்குது. பாறையக் காப்பாத்தணும், குத்தித்தான் ஆகணும், சரி. அதுக்காக ஒரு வார்த்த சொல்லாம எப்பிடிக் குத்துறது?"

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்தார். அந்தக் கட்டோடேயே மாட்டைத் தட்டினார். நான் கொஞ்ச நாள் பின்சந்து வழியாகக் கடைக்குப் போய்வந்தேன்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. போன மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் சுருக்கென்று குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது. என் கை தானாகப் போய் என் தோளை ரெண்டு தட்டு தட்டியது.

"என்ன சார்?" என்றது நர்ஸம்மா.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றேன். அண்ணாச்சி இருந்திருந்தால் தேய்த்தும் விட்டிருப்பார்.