இரண்டு கார்களும் ஒரு தூணும்

எங்கள் பழைய காரை ஒழித்துக்கட்டுவதென்று ஒரு காலையில் சபதம் எடுத்தேன். கல்யாணத்துக்கு மறுவருடம் வாங்கிய வண்டி. அதைக் குறை சொன்ன மைத்துனனோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன் நான். இப்போது நானே குறை சொல்ல வேண்டும்.

காரணம், என் கண். கட்டட வரைபடங்களுக்குக் கோடு போட்டே பிழைத்தவன். நான் ஓய்வு பெற்றதும் கோடுகளும் என்னிடமிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டன. பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம். எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருக்காது. மனைவியின் முகம் வேண்டுமென்றால் அவளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். இனி வண்டியைத் தொடாதீர்கள் என்றார் கண் மருத்துவர். அதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இன்று சாவி போகும். நாளை கைத்தடி வரும். அப்புறம் நான் ஒரு பொட்டலம், வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

புதிய கார்களுக்குக் கண் இருக்கிறதாம். குறுக்கே ஆள் வந்தால் கத்துமாம். அவசரமென்றால் தானே நிற்குமாம். எனக்குக் கண் தேவைப்பட்டது. நாலு சக்கரத்தோடு வந்தால் இன்னும் நல்லது.

"பழசு சரியில்லம்மா," என்றேன், சுவரைப் பார்த்து.

"அதுதான் ராஜான்னு சொல்வீங்களே?"

"பிரேக் பிடிக்கல. மூணு மாசத்துக்கு முன்னால கேட் தூணை இடிச்சது யாரு? அதுதான்."

"ஓஹோ. தூண் மேல தப்பில்லையா?"

"அதுக்கப்புறம் நான் வண்டியத் தொடவே இல்ல. ஆனா டேங்க் காலி. டிரைவர் சீட்டு வேற தானாவே முன்னால நகருது."

"பேய் புகுந்திருக்கும்."

"கிண்டல் பண்ணாத. புதுசுல பட்டனைத் தொட்டா போதும், எல்லாம் நடக்கும்."

"பழசுல கதவு இரும்பு. புதுசுல பிஸ்கட் டப்பா மூடி மாதிரி இருக்கு. சரி, உட்கார்ந்து பார்த்துட்டே முடிவு பண்ணலாம்."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. நான் அங்கேயே விழித்திருக்க வேண்டும். பழைய காரிலேயே போகலாம் என்றேன். "பாவம், அது மனசு கஷ்டப்படும்," என்று டாக்ஸி கூப்பிட்டாள்.

கார் கடையின் முற்றத்தில் புதுசு நின்றது. நான் ஸ்டீயரிங் முன்னால், அவள் பக்கத்தில், விற்பனையாளர் பின் சீட்டில். தடவிப் பார்த்து ஒரு பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை.

"பார்த்தியா! பழசா இருந்தா தெருவே எழுந்திருக்கும்."

விற்பனையாளர் இருமினார். "சார், வந்து..."

"நீங்க இருங்க," என்றாள் அவரிடம். என் பக்கம் திரும்பினாள். "பின்னாடி இருக்கிறதெல்லாம் இந்தத் திரையில தெரியுமாமே. தெரியுதாங்க?"

"பளிச்சுன்னு! ஒரு வெள்ளை வண்டி. பக்கத்துல செடித்தொட்டி. இலையக்கூட எண்ணலாம்."

"அப்புறம்?"

"ஒரு பூனை."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"திரையே கறுப்பாத்தாங்க இருக்கு. நீங்க அழுத்தினது ஏசி பட்டன். வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகல."

யாரும் சிரிக்கவில்லை. விற்பனையாளர் மெதுவாக இறங்கிப் போனார். நல்ல மனிதர்.

"எப்பலேருந்து தெரியும்?"

"தூணை இடிச்ச அன்னிக்கே. இறங்கிப் போய், 'மன்னிச்சுக்கோங்க சார், அடி பட்டுடுச்சா'ன்னு அதுகிட்ட கேட்டீங்க. நான் ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன்." கை நீட்டி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அன்னிக்கு அது தூணா இருந்துச்சுங்க."

என் கைகள் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"அப்ப அந்த சீட்டு?"

"என் கால் குட்டை. மத்தியானம் நீங்க தூங்கறப்ப மெக்கானிக் வந்து ஓட்டக் கத்துக்குடுத்தார். லைசென்ஸும் வாங்கியாச்சு."

காலி டேங்க்கைப் பற்றி நான் கேட்கவில்லை.

"அப்ப இந்தப் புதுசை உனக்காவது வாங்கிக்கோ," என்றேன். என் திட்டத்தில் ஏதாவது ஒரு துண்டு பிழைக்கட்டுமே.

"எதுக்கு? பழசே இருக்கட்டும். அதுலதான் பக்கத்து சீட்டு அகலம். நீங்க காலை நீட்டித் தூங்கிட்டு வரலாம்."