பாலத்தடியில் நின்ற சிவப்பு வண்டி

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தை ஆறு வயதில் கேட்டேன். ஆயிரம் தச்சர்கள் ஒரே நேரத்தில் ஆணி அடிப்பதுபோல. அன்று அப்பாவின் புது வண்டி அம்மைத் தழும்பு முகமாயிற்று. சொந்த அண்ணன் சாவில் அழாதவர், அதைத் தடவித் தடவி அழுதார்.

ஐம்பது வருடம் கழித்து நானே ஒரு புது பிக்கப் வண்டி வாங்கினேன். வாங்கிய அன்றே தீர்மானித்தேன்: உயிரே போனாலும் இதன்மேல் ஒரு கல் விழக்கூடாது. ஓக்லஹோமாவில் அதற்கு நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்துவிடுவது.

மே மாதம், மாலை ஐந்து மணி. என் மனைவி நாடீனோடு தீவனக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மேற்கே வானம் பச்சை; ஆலங்கட்டி வரும் அடையாளம். சுழற்காற்று எங்கள் பக்கம் வருவதாக ரேடியோ கத்தியது.

“ஹார்லன், தெற்கே திருப்பு. பெட்ரோல் பங்க் கடையில சாமான் வைக்கிற கெட்டியான குளிர் அறை இருக்கு.”

“பாலம் ஒரு மைல்தான்.”

“பாலத்தடியில காத்து இன்னும் வேகமா அடிக்கும். ஆளையே உருவிட்டுப் போயிடும்.”

“பங்க்ல வண்டி வெளியில நிக்கணுமே. கல்லு விழும்!”

“விழட்டும். அதுக்கு உயிரா இருக்கு?”

“என் உயிரே அதுதான்.”

“அப்ப நான்?”

முப்பது வருடத்தில் முதல் முறையாக அவள் பேச்சைக் கேட்பதில்லை என்று ஸ்டீயரிங்கை இறுக்கினேன்.

நாடீன் பெருமூச்சு விட்டாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “பாலத்தடியில நிக்கிறது வெர்லின் வண்டிதானே?” என்றாள்.

வெர்லின் பக்கத்துப் பண்ணைக்காரன். நான் டிராக்டர் வாங்கினால், மறுவாரமே அதைவிடப் பெரியதாக வாங்குபவன். கண்ணாடி போடாத என் கண்ணுக்கு மழைதான் தெரிந்தது.

“நிஜமாவா?”

“அதே சிவப்பு. போ, அவன் பின்னாடி நிறுத்து. ஞாயித்துக்கிழமை சர்ச்ல, ‘ஹார்லனுக்கு நான்தான் இடம் கொடுத்தேன்’னு சொல்லிக்கட்டும்.”

தெற்கே திருப்பினேன்.

குளிர் அறையில், பாலுக்கும் பீருக்கும் நடுவே, தலையைக் கையால் மூடிக் குந்தியிருந்தோம். சரக்கு ரயில் ஒன்று தலைமேல் ஓடுவதுபோலச் சுழற்காற்று கடந்து போயிற்று. வெளியே வந்தால் வண்டி முழுக்கப் பள்ளம். அதையே ஓட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். அடியில் தார்கூட உரிந்திருந்தது. மாடு தண்ணீர் குடிக்கும் தகரத் தொட்டி ஒன்று தூணில் துணிபோலச் சுற்றிக் கிடந்தது.

இறங்கித் தூணைச் சுற்றி ஓடினேன். “ஐயோ, வெர்லின் போயிட்டானே! தங்கமான மனுஷன்!”

“தங்கமானவன்தான். போன வாரத்துலேர்ந்து டல்சாவுல மக வீட்ல இருக்கான்.”

“அப்ப நீ பார்த்தது?”

“வெறும் பாலம்.”

ஜூன் மாதம் அந்தப் பிக்கப்பை விற்றேன். பள்ளத்தைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கியவன் வெர்லின். இன்றும் அதைத்தான் ஓட்டுகிறான்.