வட்ட மேசையில் ஒரு பெருங்குடல்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மருத்துவமனையின் "சிகிச்சைப் பலன் முன்கணிப்புக் குழு"வைத்தான் சொல்ல வேண்டும். ஐந்து மருத்துவர்கள், ஒரு கணினி, ஒரு வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எந்த நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை, அந்த மருந்தைக் கொடுக்காமலேயே சொல்லிவிடுவார்கள்.

இந்த மகத்தான குழுவுக்கு முதல் நோயாளியாக வாய்க்கும் பாக்கியம் மழைக்காரருக்குக் கிடைத்தது. வானிலை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக முன்னறிவிப்பு எழுதுகிறவர். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். பெருங்குடல் முழுக்கப் புண். கழிப்பறைக்குப் போனால் ரத்தம். ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தும் குடல் அசைந்து கொடுக்கவில்லை. மீதியிருந்த வழி இரண்டே இரண்டு. சொட்டு சொட்டாக ஏற்றும் இன்னொரு மருந்து. அதுவும் கேட்காவிட்டால் குடலை வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு பையை ஒட்டுவது. மழைக்காரர் அதுவரை தன் குடலைப் பற்றிப் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது அதைப் பிரிய அவருக்குப் பயமாக இருந்தது.

ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாள் காலை, குழு அவரை "நேரில் பார்வையிட" அழைத்தது. சக்கர நாற்காலியில் அவர், பக்கத்தில் மனைவி. கையில் கணக்கு அட்டையோடு வார்டு சிஸ்டர், உட்கார இடமில்லாததால் நின்றுகொண்டே சொன்னார்.

"சார், ஒரு நாளைக்கு ஒம்பது தடவை போறாரு. எல்லாத்துலயும் ரத்தம். மூணாம் நாளும் எட்டுக்கு மேல போனா ஸ்டீராய்டு கேக்கலைன்னுதானே அர்த்தம்? அடுத்த மருந்த ஆரம்பிச்சிடலாமா?"

குழுத் தலைவர் கனிவாகச் சிரித்தார். "எண்ணிப் பாக்குறதெல்லாம் பழைய முறை சிஸ்டர். நாங்க மரபணு அளவுல பாக்குறோம்."

கணினி நாற்பத்து மூன்று விவரங்கள் கேட்டிருந்தது. நாற்பத்திரண்டு தயார். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும் வெளியூரிலிருந்து வர வேண்டும்.

மனைவி வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. கணவர் எழுதும் முன்னறிவிப்பை நம்பி ஒரு நாளும் குடை எடுத்தவரும் இல்லை. ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

"டாக்டர், அந்த மருந்து இங்க இருக்கா?"

"ஃப்ரிட்ஜ்லயே இருக்கும்மா."

"அப்ப போட்டுப் பாத்தா, கேக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடுமே?"

தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. "போட்டுப் பாத்துட்டா, அப்புறம் அது கணிப்பே இல்லையேம்மா."

மழைக்காரர் தொழில் தெரிந்தவர். மெல்ல வாயைத் திறந்தார். "சார், எங்க ஆபீஸ்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு அறிக்கை போயாகணும். கருவி வேலை செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி. மழை எங்களுக்காக நிக்காது."

"அதனாலதான் உங்க அறிக்கை எல்லாம் தப்பாகுது!"

குழுவே சிரித்தது. மழைக்காரரும் சிரித்தார். சிரிப்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல், அன்றைய கணக்கைத் தொடங்கச் சக்கர நாற்காலி அவசரமாகக் கிளம்பியது.

நான்காம் நாள் குழு மறுபடி கூடி, "மேலும் காத்திருப்பது" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஐந்தாம் நாள் குழுவுக்கு விடுமுறை. குடலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. சிஸ்டர் பதினான்கு எண்ணினார். மழைக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கும்மா" என்றார். எதையும் "இருக்கலாம்", "வரக்கூடும்" என்றே சொல்லிப் பழகிய மனிதர். அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை வயிறு உப்பிக் காய்ச்சல் ஏறியது. அறுவை மருத்துவர் எந்தக் குழுவையும் கேட்காமல் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். உயிர் பிழைத்தது. குடல் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, தலைவர் ஒரு காகிதத்தோடு கட்டிலுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"வெளியூர் முடிவு வந்துடுச்சு! கணினி சொல்லிடுச்சு! அந்த மருந்து உங்களுக்கு நல்லாவே கேக்குமாம். எண்பத்தொரு சதவீதம்! ஒரே ஒரு நிபந்தனை, மூணாம் நாளே ஆரம்பிச்சிடணுமாம்."

மழைக்காரர் வயிற்றில் ஒட்டியிருந்த புதுப் பையைத் தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு துல்லியமான முன்னறிவிப்பை அவர் கண்டதில்லை.

"இந்த வெற்றிக்கு அப்புறம் குழுவை விரிவாக்கப் போறோம்" என்றார் தலைவர். "இன்னும் ரெண்டு நிபுணர்களைச் சேக்குறதா இருக்கோம். முதல் நோயாளிங்கிற முறையில உங்க ஆலோசனை ஏதாவது உண்டா?"

மனைவிதான் பதில் சொன்னார். "அந்த சிஸ்டருக்கு ஒரு நாற்காலி போடுங்க டாக்டர்."

"சிஸ்டரா? அவங்க எதுக்கும்மா?"

"அவங்களுக்கு ஒம்பது வரைக்கும் எண்ணத் தெரியுது."